அரிசி மூட்டை வைக்காத தரையில் வினைல் ஒட்டலாமா?

74 வயதில் ஒருவன் அரசியலைப் பற்றிக் கோபப்பட்டால் ஊர் கேட்டுக்கொள்கிறது. பஸ் நிற்காமல் போவதைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் கோபப்பட்டால் கூடவே சேர்ந்து திட்டுகிறது. தரையைப் பற்றிக் கோபப்பட்டால் மட்டும் “சாருக்கு வேற வேலை இல்லை” என்று நகர்ந்துவிடுகிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டு முன்னறையில் ஒட்டிய வினைல் டைல் ஒன்றின் மூலை கிளம்பி, அதில் கால்விரல் மாட்டி, என் மனைவி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் சமையல் என்னுடையது. ஆகவே கோபப்பட எங்கள் இருவருக்குமே உரிமை இருக்கிறது. விழுந்தவர் என்ற முறையில் ஒரு பங்கு, நான் சமைத்ததைச் சாப்பிட்டவர் என்ற முறையில் இன்னொரு பங்கு என்று அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

இது திருப்பாலைக்குடியில் என் மாமனார் கட்டிய வீடு. நான் காரைக்காலில் பிறந்து, அங்கே பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்கத்தில் எழுத்தராக இருந்து, ஓய்வு பெற்றபின் இங்கே வந்து சேர்ந்தவன். வீட்டுக்கு 60 வயது இருக்கும். முன்னறையிலும் பக்கத்து அறையிலும் சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்டுத் தரை. என் மாமியார் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாராம். நாங்கள் குடிவந்தபோது பளபளப்பெல்லாம் போய், நடுவில் வெடிப்பும் சுவரோரம் பொரிந்து உதிர்வதுமாக இருந்தது. தினமும் காலையில் கூட்டினால் முறத்தில் ஒரு பிடி வெள்ளைத் தூள் வரும். உப்பு. எங்களுக்கு வடக்கே இருக்கிற ஊருக்குப் பெயரே உப்பூர். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குவைத்திலிருந்து மகன் பேசினான். “அப்பா, அம்மாவுக்கு முட்டி வலி. இந்தக் குண்டும் குழியும் வேண்டாம். பளிங்கு மாதிரி டைல்ஸ் போட்டா வழுக்கும். வினைல் போடுவோம், காலுக்கு மெத்துன்னு இருக்கும். பழைய தரையை உடைக்கவே வேண்டாமாம், ஒரே நாள் வேலையாம்.” அவன் சொன்னதில் முதல் மூன்றும் உண்மை. ஆஸ்பத்திரிகளில் வினைல் விரிப்பதே அதனால்தான். மூட்டை உருக்கி ஒட்டி, சுவரிலும் நாலு விரற்கடை ஏற்றிவிடுவார்கள், அழுக்கு தங்காது. கடைசி இரண்டும், உடைக்க வேண்டாம், ஒரே நாள் என்பது, கடைக்காரர் சொன்னது. அதை மகன் நம்பினான். மகன் சொன்னதால் நான் நம்பினேன். பணம் அனுப்புகிறவனிடம் கேள்வி கேட்க நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது, பாருங்கள், அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐப்பசி மாதம், இரண்டு மழைக்கு நடுவே, ஒப்பந்தக்காரரும் இரண்டு பையன்களும் வந்தார்கள். காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குப் போய்விட்டார்கள். இரண்டு அறை, 310 சதுர அடி. தேக்குப் பலகை மாதிரி வரி வரியாக அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள்.

கார்த்திகை முடிவதற்குள் ஒரு வாடை வந்தது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்த மாதிரி. தை மாதம் மூட்டுகளில் பழுப்பாக ஏதோ கசிந்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி வரும். மாசியில் ஓரங்கள் சுருண்டன. மாசி கடைசியில் என் மனைவி விழுந்தார்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மாலை நான் அந்த டைலைப் பிய்த்துப் பார்த்தேன். பிய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அப்பளம் மாதிரி கையோடு வந்தது. அடியில் பசை இல்லை. வழவழவென்று ஒரு பழுப்புக் கூழ், அதன்மேல் உப்புப் பூ, ஓரத்தில் கறுப்பாகப் பூசணம். தரை ஈரமாக இருந்தது. நாலு மாதம் முன்பு பெய்த மழை இன்னும் அங்கேதான் இருந்தது போல.

காரைக்காலில் எங்களுக்கு வாரந்தோறும் திக்தே உண்டு. ஆசிரியர் பிரெஞ்சில் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒரு பெரிய பிழைக்கு 20-இல் 4 மதிப்பெண் போகும். ஐந்து பிழையில் சைபர். ஆறாவது ஏழாவது பிழைகளையும் அவர் சிவப்பு மையால் சுழித்துத்தான் வைப்பார், மதிப்பெண் குறைக்க இடமில்லாவிட்டாலும். அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. மாவுக்கட்டு போட்ட மனைவி பக்கத்து நாற்காலியில் இருக்க, அந்தத் தரையின் முன் உட்கார்ந்து எண்ணினேன். தரையில் ஈரம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, ஒன்று. பார்க்காததோடு, வடகிழக்குப் பருவமழை நடுவே வந்து ஒட்டினார்கள், இரண்டு. மாமியார் காலத்திலிருந்து எண்ணெய் குடித்த தரையைச் சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பசை தடவினார்கள், மூன்று. எண்ணெயில் எந்தப் பசையும் பிடிக்காது என்று தோசைக்கல்லைக் கழுவிய எவருக்கும் தெரியும். வெடிப்பையும் பள்ளத்தையும் அடைக்கவில்லை, நான்கு. டெம்போவில் வந்த பெட்டியை இறக்கிய கையோடு பிரித்து ஒட்டினார்கள், ஐந்து. சைபர். ஒட்டியபின் மேலே உருளை ஓட்டி அழுத்தவில்லை என்பது ஆறாவது. அதையும் சுழித்து வைக்கிறேன்.

ஆனால் முதல் பிழை ஒன்றே போதும். மற்ற ஐந்தையும் அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தாலும் அந்தத் தரை மாசியில் கிளம்பியிருக்கும்.

இந்தக் கடற்கரையில் யார் வீட்டிலாவது அரிசி மூட்டையை வெறுந்தரையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பலகை போட்டு, அதன் கீழ் செங்கல் வைத்து, அதன்மேல்தான் மூட்டை. டிரங்குப் பெட்டியை நேராகத் தரையில் வைத்தால் இரண்டு வருடத்தில் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டை விழும். அதனால் அதற்கும் நாலு செங்கல். இரவு விரித்த ஓலைப்பாயைக் காலையில் சுருட்டி நிமிர்த்தி வைத்தாக வேண்டும். மூன்று நாள் விரித்தபடி கிடந்தால் அடிப்பக்கம் சில்லென்று ஆகிவிடும், பிறகு நாறும். “தரை ஓதம் காக்குது” என்பார் என் மாமியார். ஓதம் என்றால் ஈரக்கசிவு. ஓதம் என்றால் கடல் அலை, கடலின் பெருக்கு என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர்களுக்கு வீட்டுத் தரை எங்கிருந்து ஈரமாகிறது என்று தெரிந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியாருக்குத் தெரிந்தது, கையில் ஸ்மார்ட்போனும் அளவு நாடாவும் வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

அரிசி மூட்டையை வைக்காத தரையில் 310 சதுர அடி பிளாஸ்டிக்கை ஒட்டுகிறோம். இதைத்தான் நான் கேட்கிறேன். மூட்டையையாவது நகர்த்திவிடலாம்.

நடப்பது இதுதான். நம் ஊரில் நிலத்தடி நீர் தூரத்தில் இல்லை. மழைக்காலத்தில் எங்கள் கிணற்றில் குனிந்து வாளியால் அள்ளலாம், அதுவும் உவர்நீர். மண்ணில் இருக்கிற நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி சிமெண்டின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. சிவப்புத் தரை அதை மூச்சாக விட்டுவிடும். நீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும், நாம் காலையில் கூட்டித் தள்ளுவோம். அழகில்லைதான், ஆனால் கணக்கு நேர். அதன்மேல் வினைலை ஒட்டினால் மூடி போட்டாயிற்று. ஏறிய நீர் போக வழியில்லாமல் பசைக்கடியில் நிற்கிறது. சிமெண்டு காரத்தன்மை உள்ளது. நீர் அந்தக் காரத்தைக் கரைத்துக்கொண்டு வந்து பசையைத் தின்கிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பாகிறதல்லவா, ஏறத்தாழ அதுதான் அந்தப் பழுப்புக் கூழ். தரையில் வழி கிடைக்காத மிச்ச ஈரம் சுவரைத் தேடிப் போகிறது. எங்கள் முன்னறைச் சுவரில் அதுவரை முழங்கால் உயரம் இருந்த உவர், அந்த வருடம் இடுப்புக்கு ஏறியது.

கடையில் என்ன செய்து காட்டுகிறார்கள்? ஒரு துண்டு வினைல்மேல் செம்புத் தண்ணீரை ஊற்றி, துணியால் துடைத்து, “பாருங்க சார், நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்” என்கிறார்கள். உண்மைதான். மேலேயிருந்து ஊற்றும் தண்ணீர் கீழே போகாது. அதே காரணத்தால் கீழேயிருந்து வரும் தண்ணீர் மேலேயும் வராது. அதுதான் தொந்தரவே. குற்றத்தை விளம்பரமாக்கிக் காட்டுகிறார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

“பழைய வீடு சார், அதான். புது வீட்டுக்கு ஒண்ணும் வராது” என்கிறார் ஒருவர். புது வீடு இன்னும் மோசம். கான்கிரீட் ஒரு அங்குலம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தொழிலில் எங்கும் சொல்லும் கணக்கு. 4 அங்குலத் தளம் என்றால் 4 மாதம், அதுவும் மழை படாமல். நம் ஆட்கள் 28 நாள் க்யூரிங் முடிந்தது, தரை ரெடி என்கிறார்கள். க்யூரிங் என்பது நனைத்து வைப்பது. நனைத்து முடித்த நாளை உலர்ந்த நாள் என்று எண்ணுகிற கணக்கை நான் என் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அலுவலகம் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்த்த இடத்தில் கட்டட வேலைகளின் பில்கள் என் மேசை வழியாகத்தான் போகும். எழுத்தர் என்பவன் கூட்டல் சரிபார்க்கிறவன். தரையைப் போய்ப் பார்க்கிறவன் அல்ல. எந்தத் தரை வேலை என்றாலும் எஸ்டிமேட்டில் ஒரு வரி இருக்கும்: மேற்பரப்பைச் சுத்தம் செய்து, சமன்செய்து, உலரவைத்துத் தயார் செய்வது உட்பட. அதற்குத் தனித் தொகை கிடையாது, விலையில் அடக்கம். அடக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டே, அந்த வேலையின் கதி அநேகமாக அதுதான். தனித் தொகை இல்லாத வேலையை யார் செய்தார்கள், செய்யவில்லை என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை. 30 வருடம் அந்த வரியை நகலெடுத்தவன் வீட்டிலேயே அந்த வரி செய்யப்படாமல் போனது நியாயம்தான் என்று சில இரவுகளில் தோன்றும். என் மனைவியின் மணிக்கட்டு அதில் சேர்ந்ததுதான் நியாயமில்லை.

விதி இல்லாமல் இல்லை. வளையும் பிவிசி விரிப்பையும் டைலையும் எப்படிப் பதிக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 5318 என்று தனி நடைமுறையே 1969-இல் வந்துவிட்டது. அதாவது எனக்கு மீசை முளைத்த காலத்திலேயே. வினைல் தரையும் நேற்றுப் பிறந்ததல்ல. 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தபோது கண்டுகொண்டதுதான் வளையும் வினைல். அவர் பசையைத் தேடி வினைலைக் கண்டார். நாம் வினைலை வாங்கிவிட்டுப் பசையைத் தேடுகிறோம். 1933 சிகாகோ கண்காட்சியில் அதைத் தரையாகக் காட்டினார்கள். கிட்டத்தட்ட 90 வருடமாக உலகம் இதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, எப்படி ஒட்ட வேண்டும் என்று எழுதியும் வைத்திருக்கிறது. திருப்பாலைக்குடிக்கு வினைல் வந்தது, எழுதிவைத்தது வரவில்லை.

என் அண்ணன் மகன் பாரிஸ் புறநகரில் தரை பதிக்கும் வேலைதான் செய்கிறான். காரைக்காலிலிருந்து அங்கே போய் 20 வருடம் ஆகிறது. நான் படங்களை அனுப்பியதும் கூப்பிட்டான். “சித்தப்பா, சுப்போர் பார்த்தாங்களா?” என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. அங்கே அடித்தளத்தை சுப்போர் என்பார்கள். தாங்குவது என்று பொருள். பள்ளியில் நான் அந்தச் சொல்லைப் படித்தது ‘பொறுத்துக்கொள்’ என்ற வினையாக. தரைக்கும் அது பொருத்தம்தான். அவர்களுடைய விதிப்படி சிமெண்டுப் பூச்சின் எடையில் ஈரம் 4.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பிவிசி ஒட்டக் கூடாது. மண்மேல் நேராக இருக்கும் தரைத்தளமென்றால், ஈரம் ஏறாதபடி இடையில் தடுப்பு இருந்தாக வேண்டும். அளந்து எழுதி வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பிரிப்பானாம். பழைய வினைலைப் பெயர்ப்பதற்கும் அங்கே கெடுபிடி. 1997 ஜூலை 1-க்கு முன் அனுமதி வாங்கிய கட்டடமென்றால் அந்த டைலிலும் பசையிலும் கல்நார் இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும், அந்த வருடம்தான் கல்நாரைத் தடைசெய்தார்கள். நம்மிடம் பழைய அரசுக் கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சதுரமாக, கறுப்பும் பழுப்புமாக ஒட்டியிருக்கும் டைல்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கல்நார் கலந்தவை உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது கிடந்தால் சுரண்டாதீர்கள், மெஷின் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

அவன் சொன்ன சோதனைக்கு மெஷின் தேவையில்லை. கண்ணாடி மாதிரியான கெட்டி பிளாஸ்டிக் ஷீட், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. தரையைத் துடைத்து, ஷீட்டை விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம். நான் ஒரு பகல் ஓர் இரவு விட்டேன். காலையில் பார்த்தால் ஷீட்டின் உள்பக்கம் இட்லிக் கொப்பரை மூடி மாதிரி முத்து முத்தாக நீர். அடியில் தரை கறுத்திருந்தது. மொத்தச் செலவு 40 ரூபாய். என் மாமியாரின் பாய்ச் சோதனையைத்தான் வெள்ளைக்காரர்கள் டேப் ஒட்டிச் செய்கிறார்கள். ஒரு எச்சரிக்கை. சித்திரையில் செய்து நீர் வரவில்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள், நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் செய்து பார்த்தால்தான் தரையின் சுபாவம் தெரியும். ஓர் இடத்தில் மட்டும் செய்யாமல் சுவரோரமும் நடுவிலும் செய்ய வேண்டும்.

இப்போது வினைலே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இதை எழுதும் என் அறை மாடியில் இருக்கிறது, தரை வினைல். முன்னறை வேலையில் மிஞ்சிய ஏழு பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தோம். மாடித்தளம் கான்கிரீட், அடியில் மண் இல்லை, காற்று. ஷீட் சோதனையில் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளூர்க் கொத்தனார் ஒருவரின் மகனையும் கைப்பேசியில் அண்ணன் மகனையும் வைத்துக்கொண்டு சித்திரையில் ஆரம்பித்தோம். ஆறு நாள் ஆயிற்று. அதில் டைல் ஒட்டியது ஒரு நாள்தான்.

முதல் நாள் சுரண்டல். வெள்ளையடித்தபோது சிந்திய சொட்டுகள், பழைய பெயிண்ட், எல்லாம். பிறகு இரண்டு மீட்டர் மட்டப்பலகையை நிற்கவைத்து அறை முழுக்க நகர்த்தினோம். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம், சாக்பீஸால் வட்டம். வினைல் மெல்லிய சாமான், 2 மில்லிமீட்டர். அடியில் ஒரு மணல் பருக்கை இருந்தாலும் ஒரு மாதத்தில் மேலே புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வெடிப்புகளை அடைத்து, பிறகு தண்ணீராகக் கலக்கி ஊற்றினால் தானே மட்டமாகப் பரவும் ஒரு சிமெண்டுக் கலவை. பிரெஞ்சில் ராக்ரெயாழ் என்கிறார்கள், நம் கடைகளில் செல்ஃப் லெவலிங் என்று கேட்டால் கிடைக்கிறது. “தோசை மாவு பதம்” என்றார் தம்பி. அதைவிடத் துல்லியமாக அந்தப் பையிலும் எழுதியிருக்கவில்லை. அது உலரும்வரை அறையைப் பூட்டிவைத்தோம். டைல் பெட்டிகளை அதே அறையில் இரண்டு நாள் பிரித்து வைத்தோம், அறையின் சூட்டுக்கு அவை பழக வேண்டும். வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். டெம்போவிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒட்டினால் மார்கழியில் மூட்டு வாய் திறக்கும்.

பிறகு நூல் பிடித்தோம். அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் கோடு, மூலைமட்டத்தால் சரிபார்த்து, பசை இல்லாமல் ஒரு வரிசை அடுக்கிப் பார்த்தோம். சுவரோரம் இரண்டு விரல் கீற்று மிஞ்சினது. கோட்டை அரை டைல் நகர்த்தினோம், இரு ஓரமும் ஒரே அகலம் ஆயிற்று. என் மாமனார் கட்டிய சுவர் எதுவும் எந்தச் சுவருக்கும் இணையாக இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் மகளிடம் சொல்லவில்லை. பல் வைத்த கரண்டியால் பசையைப் பரப்பி, விரலில் நூலாக வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒட்டிக்கொண்டே போனோம். அழுத்துவதற்கு வெளிநாட்டில் 45 கிலோ இரும்பு உருளை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அது இல்லை. ஒரு துண்டு இரும்புக் குழாயில் போர்வையைச் சுற்றி, தம்பி முழங்காலால் ஏறி உருட்டினார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை. என் மனைவி முட்டி வலியோடு வாரம் ஒருமுறை ஏறி வந்து, வெறுங்காலால் நாலு நடை நடந்து பார்த்துவிட்டு, “இது நல்லாத்தாங்க இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கீழே போவார். அந்த ‘இது’வில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கீழே? வினைலை முழுக்கப் பெயர்த்தோம். தரையை ஒரு கோடை முழுவதும் திறந்து போட்டோம். முறம் முறமாக உப்பு வந்தது. பொரிந்த இடங்களைக் கொத்தியெடுத்து ஆற்று மணலில் பூசி, மறுபடி சிவப்பு ஆக்சைடு. இந்த முறை எண்ணெய் தேய்க்கவில்லை, கால் பிடிக்க வேண்டும் என்பதற்காக. குளியலறை வாசலில் ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தேன். முட்டி வலிக்காரருக்கு வினைலைவிட அந்தக் கம்பி அதிகம் உதவுகிறது, விலை வினைலின் கால்வாசி கூட இல்லை.

தரைத்தளத்தில் வினைல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு வழி இல்லாமலில்லை. பழைய தரையைக் கொத்தியெடுத்து, 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை மூட்டுக்கு மூட்டு மடித்து ஒட்டி விரித்து, மேலே புதுக் கான்கிரீட் போட்டு, மாதக்கணக்கில் உலரவிட்டு, சோதித்து, பிறகு ஒட்டலாம். செலவைக் கேட்டதும் மகன் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பசையில்லாமல் ஒன்றோடொன்று மாட்டும் கிளிக் பலகையை விரிக்கலாமே என்று கேட்கிறார்கள். விரிக்கலாம், பசை கெடாது, ஏனென்றால் பசை இல்லை. ஆனால் அடியில் அதே ஓதம், அதே வாடை. வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் காயவைக்கத் தெம்பு இருந்தால் செய்யுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. வினைல் ஒட்ட வருகிறவர், எங்கிருந்து வந்தாலும், நம் கண்முன் ஷீட்டை ஒட்டி, மறுநாள் வந்து நம்மோடு சேர்ந்து அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூடுதல் ஆகும், “ஒரே நாள்” என்ற வாய்ப்பாடு உடையும், அவ்வளவுதான். மாட்டேன் என்றால் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஏற்பாடு செய்தாயிற்றே, வேண்டாமென்றால் வருத்தப்படுவானே என்று நினைக்காதீர்கள். என் மகன் வருத்தப்பட்டது எக்ஸ்ரேயைப் பார்த்தபோதுதான். ஒப்பந்தக்காரருக்கும் போன் செய்தேன். “உங்க தரை அப்படி சார், நாங்க என்ன பண்றது” என்றார். தரை அப்படி என்று ஐப்பசியில் சொல்லியிருக்க வேண்டியதை அவர் பங்குனியில் சொன்னார், பணம் வாங்கிய பிறகு.

எங்கள் தெருவில் இன்னொரு வீட்டுக்கு வருகிற புதன்கிழமை வேலை ஆரம்பம் என்று கேள்விப்பட்டேன். நேற்று மாலை போய் ஷீட்டை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே இடம் விட்டார். இன்று மாலை தூக்கிப் பார்ப்போம். அதன் பிறகு ஷீட் என்னிடம் சும்மாதான் இருக்கும். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். டேப் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.